பிள்ளைகள் கையில் ஐயாயிரம் ரூபாய்

அன்புள்ள மேனேஜருக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், சின்னவன் வரும்போது கொண்டுவருவான். பெரியப்பா நிலத்து விவகாரம் அப்படியே கிடக்கிறது, அதை நேரில் பேசிக்கொள்ளலாம். இப்போது எழுதுவது வேறு விஷயத்துக்கு.

எங்கள் தெருவில் குழந்தைகள் பாராளுமன்றம் நடப்பது உனக்குத் தெரியும். முப்பது வீட்டுக்கு ஒன்று என்று, பிள்ளைகளே கூடித் தங்களுக்குள் அமைச்சர்களைத் தேர்ந்தெடுத்து, நம் குமரி மாவட்டத்தில் பல ஊர்களில் நடத்துகிறார்களே, அதுதான். போன தடவை நீ வந்திருந்தபோது வட்டிக் கணக்கு கேட்டு உன்னைத் திணறடித்தாளே, அவள்தான் இப்போதும் நிதி அமைச்சர். ரிட்டயர் ஆன பிறகும் உன்னை ஒருத்தி ஆடிட் பண்ணினாள் என்று உன் வீட்டம்மா இன்னும் சொல்லிச் சிரிக்கிறாராமே.

ஆடி மாதம் இந்தப் பிள்ளைகளுக்கு ஓர் அறக்கட்டளை ஐயாயிரம் ரூபாய் கொடுத்தது. தெருவில் இருக்கிறவர்களின் நலத்துக்கு எதுவும் செய்யலாம், முடிவு உங்களுடையது என்றார்கள். பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவர் கண் முகாம் என்றார், ஒருவர் மரக்கன்று என்றார், சைக்கிள் கடை அண்ணன் வழக்கம்போல் கேரம் போர்டு என்றார். பிள்ளைகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்விட்டார்கள்.

அவர்கள் கண்டுபிடித்து வந்தது எங்களில் ஒருவருக்கும் தோன்றாத ஒன்று. மகன் வளைகுடாவில், மருமகள் வேலையில், பகல் முழுக்க ஆச்சி மட்டும் வீட்டில். இப்படிப் பல வீடுகள். 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்ததிலிருந்து பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. ஆனால் அட்டையில் இருப்பதெல்லாம் ஆங்கிலம். எது காலை, எது ராத்திரி என்று தெரியாமல் ஆச்சிமார் குத்துமதிப்பாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு தாத்தா சுகர் மாத்திரையைச் சாப்பிடாத வயிற்றில் போட்டு மயங்கியிருக்கிறார். பக்கத்து வீட்டில் இருக்கும் எனக்கே அது பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும்.

சரி, என்ன செய்தார்கள்? தையல்காரரிடம் வெட்டுத்துணி வாங்கி, இரண்டு அறை வைத்த பை தைத்தார்கள். மஞ்சள் அறையில் சூரியன், நீல அறையில் நிலா. சாப்பிட்ட பிறகு போட வேண்டியது என்றால் ஒரு தட்டின் படம். முதலில் அட்டையைத் துண்டு துண்டாக வெட்டிப் போடத்தான் நினைத்தார்கள். நர்ஸம்மா தடுத்துவிட்டார். வெட்டினால் மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் போய்விடும், முழு அட்டையாகவே வையுங்கள் என்றார். இரண்டு வேளையும் போடுகிறவர்களுக்கு இரண்டு அட்டை. எந்த மாத்திரை எந்த அறைக்கு என்று ஒவ்வொரு பையையும் அவரே சரிபார்த்துக் கொடுத்தார். ஞாயிறுதோறும் ஒரு பிள்ளை போய்ப் பையைப் பார்க்கும். பார்க்கப் போன இடத்தில் ஒரு மணி நேரம் கதை பேசிவிட்டு வரும். ஆச்சிமாருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் பெரிய மருந்து என்று நினைக்கிறேன். நூல் வாங்கின காசு முதல் எல்லாக் கணக்கும் நிதி அமைச்சரின் நோட்டில் இருக்கிறது. மீதிப் பணம் ஒரு டப்பாவில்.

இனிதான் என் கவலை. கொடுத்தவர்களுக்கு இது மிகவும் பிடித்துப்போய்விட்டது. அடுத்த வருஷம் ஐம்பதாயிரம் தருகிறார்களாம், பத்துத் தெருவுக்கு. ஆனால் பெரியவர்கள் கமிட்டி வேண்டும், மாதாமாதம் படிவம் நிரப்ப வேண்டும், பேனர் பிடித்துப் போட்டோ எடுக்க வேண்டும். எந்தெந்தத் தெருவில் என்ன செய்வது என்பதையும் கமிட்டியே சொல்லிவிடும். அப்படியானால் பிள்ளைகளுக்கு என்னடா வேலை? பை தைத்துக் கொடுப்பதும் போட்டோவில் சிரிப்பதும்தானா? ரோஜர் ஹார்ட் என்பவர் 1992இல் யுனிசெஃபுக்காக ஓர் ஏணி வரைந்தார். பிள்ளைகளின் பங்கேற்புக்கு எட்டுப் படி. அலங்காரத்துக்கு நிறுத்துவதும் ஒப்புக்குச் சேர்த்துக்கொள்வதும் கீழ் மூன்று படிகளுக்குள் வரும். அவை பங்கேற்பே இல்லை என்றார். ஐயாயிரத்தில் மேலே நின்ற பிள்ளைகளை ஐம்பதாயிரம் கீழே இறக்கிவிடும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

பிள்ளைகளிடம் பணத்தைக் கொடுத்தால் பாழாக்கிவிடுவார்கள் என்று கமிட்டிக்காரர்கள் பேசுகிறார்கள். டெல்லியில் 2001லேயே பட்டர்ஃபிளைஸ் அமைப்பில் தெருவோரப் பிள்ளைகள் தங்களுக்கென்று ஒரு வங்கி வைத்தார்கள். மேனேஜரும் ஒரு பிள்ளைதான். உன் மகள் இருக்கிற பாஸ்டனில் 2014இல் நகராட்சி பட்ஜெட்டிலிருந்து பத்து லட்சம் டாலரை ஒதுக்கி, எதற்குச் செலவழிப்பது என்று 12 முதல் 25 வயது வரை உள்ளவர்களை ஓட்டுப்போடச் சொன்னார்கள். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு இங்கே நடுங்குகிறோம்.

நான் கேட்கப்போவது இதுதான்: பணத்தை மொத்தமாகத் தர வேண்டாம், தெருவுக்கு ஐயாயிரமாகப் பிரித்து, அந்தந்தத் தெருப் பிள்ளைகளின் முடிவுக்கே விடுங்கள். அந்தத் தெருவில் மாத்திரைப் பை தேவையே இல்லாமலும் இருக்கலாம், அவர்கள் போய்ப் பார்க்கட்டும். படிவத்துக்குப் பதில் நோட்டைக் காட்டுவார்கள், ஆச்சிமாரையே கேட்டுக்கொள்ளலாம்.

கணக்கு விஷயத்தில்தான் நீ வேண்டும். பத்து வயது நிரம்பிய பிள்ளை, வங்கி சம்மதித்தால், தானே சேமிப்புக் கணக்கு நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2014இலும் சொன்னது, 2025 ஏப்ரலிலும் சொன்னது. ஆனால் பொதுப் பணத்தை ஒரு பிள்ளையின் பெயரில் போடுவது சரியில்லை என்று படுகிறது. நாளைக்கு ஒரு சண்டை வந்தால் பழி அந்தப் பிள்ளை மேல்தான் விழும். பெரியவர் இருவர் கையெழுத்து, ஆனால் பிள்ளைகளின் தீர்மானம் இல்லாமல் பணம் எடுக்க முடியாது என்று எழுதிவைக்க வழி உண்டா? வங்கியில் முப்பது வருஷம் இருந்தவன் நீ, உனக்குத் தெரியாததா?

மாதக் கடைசி ஞாயிறு கூட்டம். நீ வந்து பேசினால் கமிட்டிக்காரர்கள் கேட்பார்கள். சனிக்கிழமையே வந்துவிடு, நிதி அமைச்சருக்கும் உன்னிடம் கேட்க ஏதோ இருக்கிறதாம். அந்த வாக்கியத்தை எப்படி எழுதுவது என்று மட்டும் அதற்கு முன்பே போனில் சொல், பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதிவைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்