சாயக்கழிவுத் தொட்டியில் இறங்கும் முன்

ஆசிரியருக்கு வணக்கம். ஏப்ரல் 28, வேலையில் உயிரிழந்த தொழிலாளர்களை நினைவுகூரும் நாள். திருப்பூர்ப் பக்கம் சாயக்கழிவுத் தொட்டியில் இறங்கி மாண்டவர்களை மறக்கவே கூடாது.

சாய உப்பிலுள்ள சல்பேட்டை அடிச்சேற்றின் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவாக மாற்றுகிறது. சேற்றைக் கிளறும்போது அது குபுக்கென வெளிவரும். அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றதும் ஆபத்து நீங்கியதாக நம்பி ஏமாறுகிறார்கள். துணி முகக்கவசம் வாயுவைத் தடுக்காது.

பம்பு வைத்துச் சேற்றை உறிஞ்சுவதே சரி. இறங்கியே ஆகவேண்டுமானால், மேல், நடு, அடி மூன்றிலும் வாயுவை அளக்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தால் யாரையும் இறக்காதீர்கள். உள்ளே காற்று செலுத்தும் விசிறி நிற்காமல் ஓட வேண்டும். உடல்பட்டை, கயிறு, மேலே காவலுக்கு ஆள் கட்டாயம். மயங்கியவரைக் காப்பாற்றக் குதிப்பவரும் சாகிறார். கயிற்றை வெளியிலிருந்தே இழுக்க வேண்டும்.

– வாசகர், திருப்பூர்