கடைசி பில்லில் கையெழுத்துப் போடும் முன் மானிட்டரை அணைத்துப் பாருங்கள்

தமிழ்நாட்டில் அரசு இணையதளங்களைக் கட்டித் தருபவர்களுக்கும், 'வேலை முடிந்தது' என்று அதற்கு ஒப்புதல் தரும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது, பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். பாடக்குறிப்பு, மதிப்பெண் பட்டியல், பணம் அனுப்புவது எல்லாம் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானை வைத்து நானே செய்துகொள்வேன். திரையில் எழுத்தாக இருப்பதை அது குரலில் படிக்கும், டேப் விசையைத் தட்டித் தட்டி நான் அடுத்தடுத்த கட்டத்துக்குப் போவேன். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்றவர் 2006இல் தொடங்கியது அது, இன்றுவரை இலவசம்.

போன வருடம் ஒரு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. எந்தத் துறை என்பது வேண்டாம், எல்லா இடத்திலும் இதே கதைதான். பெயர்க் கட்டத்துக்குப் போனால் 'எடிட்' என்கிறது, அடுத்ததும் 'எடிட்', அதற்கடுத்ததும் 'எடிட்'. எது அப்பா பெயர், எது முகவரி என்று தெரியாது, ஏனென்றால் கட்டத்துக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் தலைப்பை நிரலில் அந்தக் கட்டத்தோடு யாரும் இணைக்கவில்லை. பிறந்த தேதியைத் தட்டச்சு செய்ய விடாமல் ஒரு காலண்டர் வந்து நின்றது, அதை மௌஸால் மட்டும்தான் தொட முடியும். இதையெல்லாம் குத்துமதிப்பாகத் தாண்டிக் கடைசிக்கு வந்தால் படக் கேப்சா, அதாவது படத்தில் தெரியும் எழுத்துகளைப் பார்த்து அடிக்கச் சொல்லும் சோதனை, குரலில் கேட்க வழியே இல்லை. பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு என் ஆதார் எண், கடவுச்சொல், ஓடிபி மூன்றையும் அவனிடம் சொல்லித்தான் அனுப்பினேன். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எல்லோருக்கும் குறுஞ்செய்தி வருகிறது. எங்களில் பலர் அதை யாரிடமாவது தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தத் தம்பி நல்லவன். எல்லோருக்கும் அப்படி ஒருவன் வாய்ப்பானா?

அப்புறம் பி.டி.எஃப். அரசாணையை அச்செடுத்து, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து ஏற்றுகிறீர்கள். எங்களுக்கு அது வெறும் படம், ஒரு சொல்கூட வராது. ஸ்கேன் செய்யாமல் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து போட்டாலும் இதே கஷ்டம்தான். பாமினி மாதிரிப் பழைய எழுத்துரு ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் மாட்டிவிடும், அவ்வளவுதான். அதில் அடித்த 'வணக்கம்' உங்கள் கண்ணுக்கு வணக்கமாகத் தெரியும். எழுத்தெழுத்தாகப் படித்தால் என் காதில் 'டி, இசட், எஃப், செமிகோலன், எஃப், கே, செமிகோலன்' என்று விழும். தமிழைத் தமிழாகவே கணினியில் பதியும் யூனிகோடைத் தரமாக அறிவித்து 2010இலேயே தமிழ்நாடு அரசு ஆணை போட்டுவிட்டது. அந்த ஆணையை உங்கள் அலுவலகத் தட்டச்சு மேசைவரை கொண்டு சேர்ப்பது யார் வேலை?

நீங்கள் எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். மேல் மூலையில் எழுத்தைப் பெரிதாக்கும் பட்டன் வைக்கிறீர்கள், திரைவாசிப்பான்களை எங்கே தரவிறக்கலாம் என்று ஒரு பக்கம் போடுகிறீர்கள். ஆனால் அந்தப் பக்கம்வரை வந்து படிக்கிற பார்வையற்றவரிடம் திரைவாசிப்பான் ஏற்கெனவே இருக்கும். அவருக்கு வேண்டியது பெயர் சொல்கிற கட்டமும் பெயர் சொல்கிற பட்டனும். பிரச்சினை எங்களோடு முடிவதும் இல்லை. புகார் சொல்லத் தொலைபேசி எண் மட்டும் கொடுத்தால் காது கேளாதவர் என்ன செய்வார்? கை நடுங்குபவரால் அந்தக் காலண்டரில் ஒரு தேதியைக் குறிபார்த்து அழுத்த முடியுமா?

இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சேவைகளை நாங்களும் பயன்படுத்தும்படி தர வேண்டும் என்று அரசு, தனியார் இருவருக்கும் கடமை விதித்து, விதிகள் வந்ததிலிருந்து இரண்டு வருடம் தவணையும் கொடுத்தது. விதிகள் 2017 ஜூனில் வந்தன, தவணை 2019லேயே முடிந்துவிட்டது. வெறும் பரிந்துரை போதாது, கட்டாய விதி வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேமரா முன் கண்ணைச் சிமிட்டச் சொல்லும் கே.ஒய்.சி. (வங்கி போன்ற இடங்களில் நீங்கள் யார் என்று உறுதிசெய்யும் சோதனை) பற்றிய வழக்கில், டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஆசிட் வீச்சில் கண் சிதைந்தவர்களால் எப்படிச் சிமிட்ட முடியும்?

நான் கேட்பது ஒன்றுதான். தளத்துக்கான கடைசி பில்லில் கையெழுத்துப் போடும் முன், திரைவாசிப்பானை ஓடவிட்டு, மௌஸைக் கழற்றிவிட்டு, மானிட்டரை அணைத்துவிட்டு, உங்கள் படிவத்தை ஆரம்பத்திலிருந்து சமர்ப்பிக்கும் பட்டன்வரை நீங்களே நிரப்பிப் பாருங்கள். அப்புறம் மாற்றுத்திறனாளிகள் நான்கைந்து பேரை உட்கார வைத்து அதையே செய்யச் சொல்லுங்கள், அந்த வேலைக்குக் கூலியும் கொடுங்கள். ஒப்பந்தத்திலேயே இதை எழுதிவிட்டால் யாரும் தட்டிக்கழிக்க முடியாது. கட்டும்போதே கட்டத்துக்குப் பெயர் வைக்கச் சில நிமிடம் போதும், கட்டி முடித்த பிறகு பிரித்துத் திருத்துவதுதான் செலவு.

சனிக்கிழமைகளில் எனக்கு நேரம் இருக்கும். கூப்பிட்டால் என் லேப்டாப்போடு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி ஆசிரியர்