வெயில் படாத ஆமைக்குக் கால்சியம் தூள் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வாசகர் ஒருவர், வளர்ப்பு ஆமையின் ஓடு மெத்தென்று ஆகிவிட்டால் கால்சியம் தூளைத் தினமும் தீனியில் தூவினால் சரியாகிவிடும் என்று எழுதியிருந்தார். நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் அதே தூளை நம்பி இரண்டு மாதத்தை வீணாக்கியவள் நான், அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் மருமகன் பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், பேரனுக்கு ஓர் ஆமைக்குட்டி வாங்கி வந்தார். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்டிருக்குமே, அந்த அமெரிக்க ஆமைதான், மேரி பிஸ்கட்டைவிடச் சிறியது. விற்றவர் ஒரு டப்பா காய்ந்த இறாலையும் கொடுத்து, இது ஒன்றே போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் தொட்டியை ஜன்னலோரம் வைத்தோம், காலையில் ஜன்னல் கண்ணாடி வழியாக வெயில் நேராக அதில் விழும். சாப்பாடும் கிடைக்கிறது, வெயிலும் கிடைக்கிறது, அப்புறம் என்ன என்று இருந்துவிட்டேன்.

எட்டாவது மாதம் பேரன் "பாட்டி, இதோட முதுகு ரப்பர் மாதிரி அமுங்குது" என்றான். பார்த்தால் ஓட்டின் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டிருக்கிறது, பின்கால்களை இழுத்து இழுத்து நடக்கிறது. மீன் கடைக்கு ஓடினேன், முப்பத்தைந்து வெள்ளிக்கு ஒரு வெள்ளைத் தூள் டப்பாவைக் கொடுத்தார்கள். நானும் தினமும் தூவினேன். இந்த வகை ஆமை தண்ணீருக்குள் இருந்தால்தான் இரையை விழுங்கும், தூவிய தூளோ இறால் தண்ணீரைத் தொட்டவுடனே பிரிந்து பால் மாதிரி கலங்கிவிடும். இரண்டு மாதமாக நான் கால்சியம் கொடுத்தது ஆமைக்கு இல்லை, தொட்டிக்கு!

கடைசியில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் என்ன தூள் என்று கேட்கவே இல்லை, வெளியே வெயிலில் விடுகிறீர்களா என்றுதான் முதலில் கேட்டார். ஜன்னலோரக் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டார். வெயிலில் இருக்கும் புற ஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் ஆமையின் உடம்பு வைட்டமின் டி3 செய்துகொள்ளும், அந்த டி3 இருந்தால்தான் தின்ற கால்சியம் குடலிலிருந்து உடம்பில் சேரும், அந்தக் கதிரையோ சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும். எனக்குத் தெரிந்ததெல்லாம் வெளிச்சமும் சூடும்தான். இதற்கென்று விற்கும் விளக்கிலும் இந்தக் கதிர் உண்டு, ஆனால் ஆறு மாதம், ஒரு வருடத்தில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், கதிர் மட்டும் குறைந்துபோயிருக்குமாம். அதற்காகக் கண்ணாடித் தொட்டியோடு தூக்கி வெயிலில் வைத்துவிடாதீர்கள், தண்ணீர் கொதித்து ஆமை வெந்துபோகும். பினாங்கு வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, பாதிக்கு நிழல் போட்டு, காலையில் அரைமணி நேரம், பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும். காக்கை சும்மா இருக்காது.

அடுத்தது சாப்பாடு. ஆமைத் தீனியில் பாஸ்பரசைப் போல இரண்டு மடங்கு கால்சியம் இருக்க வேண்டுமாம். வெறும் இறைச்சி, கோழி ஈரல் இவற்றில் கணக்கு தலைகீழ், பாஸ்பரஸ்தான் பல மடங்கு அதிகம். கெக் லோக் சி கோயில் குளத்து ஆமைகளுக்கு வருகிறவர்கள் கங்கோங் (வள்ளைக் கீரை) போடுவதைப் பார்த்து நானும் அதையே வாங்கிப் போட்டிருக்கிறேன். கங்கோங், பாயம் (முளைக்கீரை) இரண்டிலும் இருக்கும் ஆக்ஸாலிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளுமாம், அதனால் எப்போதாவது போட்டால் போதும். சாவி என்கிற கடுகுக் கீரை நல்லது. சோத்தோங் (கணவாய்) ஓடு இன்னும் நல்லது. நம் நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்பார்களே, அதேதான். பின்பக்கத்துக் கெட்டி ஓட்டைப் பெயர்த்துவிட்டு மிருதுவான பக்கத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் தனக்கு வேண்டும்போது ஆமையே கடித்துக்கொள்ளும். தூள் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அகார் அகார் (கடல்பாசி) காய்ச்சி, சூடு தணிந்ததும் அரைத்த கீரை, மீனோடு தூளையும் கலந்து உறையவைத்துத் துண்டு போடுங்கள், தண்ணீரில் கரையாது. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று வீட்டில் பீற்றிக்கொண்டிருந்தேன், மருத்துவரிடம் சொன்னால், பலரும் ஜெலட்டினில் செய்கிறார்கள் என்றார்.

தினமும் தூவுங்கள் என்று அந்த வாசகர் சொன்னதில்தான் எனக்குப் பயம். டப்பாவைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சிலதில் கால்சியம் மட்டும் இருக்கும், சிலதில் டி3யும் சேர்ந்திருக்கும். டி3 கொழுப்பில் கரைவது, மிஞ்சினது எளிதில் வெளியே போகாது, அளவு மீறினால் சிறுநீரகத்திலும் ரத்தக் குழாயிலும் கால்சியம் படிந்துவிடும். நல்ல பெல்லட் தீனியில் (கடையில் விற்கும் குருணைத் தீனி) ஏற்கெனவே வைட்டமின்கள் சேர்த்துத்தான் விற்கிறார்கள், அதன்மேல் இன்னொரு டப்பா எதற்கு? வைட்டமின் ஏ கதையும் இதேதான். கீழ்வீட்டுக்காரர் ஆமைக்கு இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கொண்டது, கடையில் கொடுத்த சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விட்டார், காரணம் ஏ குறைவு என்று அப்புறம்தான் தெரிந்தது. சரி, குறைவுதானே என்று மருந்தை அதிகமாக ஏற்றினால் தோல் உரிந்து புண்ணாகுமாம். அளவை மருத்துவர் சொல்லட்டும், மீன் கடை அண்ணன் வேண்டாம்.

எங்கள் ஆமை பிழைத்துக்கொண்டது. சுருண்ட ஓடு இனி நிமிராது, புதிதாக வளரும் ஓரம் மட்டும் கெட்டியாக வருகிறது. இருபது, முப்பது வருடம் இருக்கும் என்கிறார்கள், எனக்குப் பிறகு பேரன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர் அவர்களே, அந்தக் கடிதத்தைப் போட்ட அதே பக்கத்தில் கால்நடை மருத்துவர் ஒருவரைக் கேட்டு இதைப் பற்றி நாலு வரி போடுங்கள். பள்ளி விடுமுறை வருகிறது, பசார் மாலாமில் மறுபடி ஆமைக்குட்டி வாங்கப் போகிறார்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆமைக்காரப் பாட்டி,
ஜெலுத்தோங், பினாங்கு