கயிற்றை அவிழ்த்த கைக்கு எதைக் கொடுக்கப் போகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி மாணவர்களிடையே நடக்கும் மோதல்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த தலையங்கத்தைப் படித்தேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவனுடைய தங்கையும் உடன் படித்தவர்களாலேயே வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு அவர்களின் ஒரு நபர் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் வண்ணக் கயிறு கட்டி வருவதைத் தடை செய்யச் சொன்னதை நினைவூட்டி, அதைக் கண்டிப்புடன் நிறைவேற்ற வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். கயிறு போக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன் அந்தக் கயிற்றைக் கட்டிக்கொள்வதற்கு, தெருவிலுள்ள அண்ணன்மார் கட்டிவிட்டார்கள் என்பதோடு, தானும் ஒரு ஆள் என்று காட்டிக்கொள்ள அவன் கையில் வேறு எதுவும் இல்லை என்பதும் ஒரு காரணம். அதை அவிழ்க்கச் சொல்கிறவர்கள் அந்த இடத்தில் எதை வைக்கப் போகிறோம் என்ற கேள்வியைத் தலையங்கம் தொடவில்லை. அதைப் பற்றி எனக்குத் தெரிந்த சிறிதளவைச் சொல்லவே இக்கடிதம்.

நான் உடற்கல்வி ஆசிரியன் அல்லன். தபால் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன், இளமையில் நெடுந்தொலைவு ஓடியவன். தலைமையாசிரியரின் அனுமதியோடும் பி.டி. ஆசிரியரின் துணையோடும் எங்கள் பகுதி அரசுப் பள்ளி ஒன்றில், ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பையன்களுக்கு, பள்ளி விட்ட பின் வாரத்தில் இரண்டு மாலை ஓட்டப் பயிற்சி அளித்து வருகிறேன். பெண் பிள்ளைகளுக்கு வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: மற்ற நாள்களில் ஓர் ஆசிரியை அவர்களுக்குக் கோகோ சொல்லிக் கொடுக்கிறார், என்னைவிட நன்றாகவே.

நம் பள்ளிகளில் ஓட்டம் ஒரு தண்டனை என்பதைத் தங்கள் வாசகர்கள் அறிவார்கள். வீட்டுப்பாடம் எழுதாதவன், தாமதமாக வந்தவன், சிரித்தவன் எல்லோருக்கும் ‘கிரவுண்டை அஞ்சு ரவுண்டு சுத்திட்டு வா’ என்ற ஒரே தீர்ப்பு. உடலை வருத்தும் தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டம் 2009இலேயே விலக்கிவிட்டது என்றாலும் மைதானத்தைச் சுற்றச் சொல்வது தண்டனைக் கணக்கில் பலருக்கு வருவதில்லை. ஆகவே புதிதாக வரும் பையன் எந்தத் தவறுக்காக இங்கே வந்து நிற்கிறோம் என்ற முகத்தோடுதான் வருகிறான். அந்த முகம் மாறுவதற்காகவே முதல் சில வாரங்களில் எத்தனை சுற்று என்று எண்ணுவதில்லை. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை; ஓடும்போது பக்கத்தில் வருபவனோடு பேச முடிய வேண்டும். பேச்சு வராமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது ஒன்றே விதி. பையன்களுக்கு வியப்பளிப்பது இதுதான்: மெதுவாக ஓடச் சொல்லும் பெரியவரை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை.

அடுத்துச் சொல்ல வேண்டியது வளர்ச்சியைப் பற்றி. ஏழாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் அமரும் இருவரில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும். மற்றவன் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போல் இருப்பான். அந்த வயதில் நூறு மீட்டரில் முதலில் வருபவன் பெரும்பாலும் முதலில் வளர்ந்தவன், அவ்வளவே. ஆனால் குறுவட்டப் போட்டிக்கு ஆள் எடுக்கும் நாளில் அவன் ‘ஓட்டக்காரன்’ ஆகிறான். மற்றவன் ‘லாயக்கில்லாதவன்’ ஆகிறான். இரண்டு பெயரும் பள்ளி முடியும் வரை ஒட்டிக்கொள்கின்றன. வேகமாக எலும்பு நீளும் வயதில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே புடைத்து வலிப்பதும், குதிகாலின் பின்புறம் வலிப்பதும் இயல்பு. அதையும் ‘நடிக்கிறான்’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். எங்கள் குழுவில் ஒவ்வொருவனுக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு உண்டு. மாதம் ஒரு முறை, பத்து நிமிடத்தில் இருநூறு மீட்டர் வட்டத்தை எத்தனை முறை சுற்றினான் என்பதை அவனே அதில் எழுத வேண்டும். ஆறு சுற்று ஓடியவன் சில மாதங்களில் எட்டுச் சுற்று ஓடினால் அது அவனுக்கும் அவனுக்கும் இடையிலான செய்தி. பக்கத்துப் பையன் பத்துச் சுற்று ஓடியது அந்த நோட்டில் இருக்காது. கணக்கில் முப்பத்தைந்து மதிப்பெண்ணைத் தாண்டாத ஒரு பையன் அந்த நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போய் அம்மாவிடம் காட்டினான் என்று கேள்விப்பட்டேன். பள்ளியிலிருந்து அவன் தானாகக் கொண்டுபோய்க் காட்டிய முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.

இது என் கண்டுபிடிப்பன்று. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துச் சார்லட் நகரில் 1996இல் சிறுமிகளுக்காக ‘கேர்ள்ஸ் ஆன் தி ரன்’ என்ற ஓட்டப் பயிற்சி தொடங்கப்பட்டது. பின்னர் அதே நகரில் சிறுவர்களுக்கென்று ‘லெட் மி ரன்’ என்ற பயிற்சி தோன்றியது. இரண்டிலுமே ஓட்டத்தோடு மனம்விட்டுப் பேசுவதும் பயிற்சியின் பகுதி. ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங்கில் ஒரு தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை 2012இல் தொடங்கிய ‘டெய்லி மைல்’ இன்னும் எளிது: தினமும் பதினைந்து நிமிடம், சீருடையிலேயே, ஓட்டமோ நடையோ அவரவர் வேகத்தில். ஐந்து முதல் பதினேழு வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக அறுபது நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பதோ வாரத்தில் ஓரிரு பி.டி. பாடவேளை, தேர்வு நெருங்கினால் அதையும் கணக்கும் அறிவியலும் எடுத்துக்கொள்ளும்.

தலையங்கத்தின் பொருளுக்கு மிக நெருக்கமானது தொடர் ஓட்டம் என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நால்வர் ஆளுக்கு நூறு மீட்டராக ஓடி, கையிலுள்ள கோலை அடுத்தவனிடம் கொடுக்கும் தொடர் ஓட்டத்தில் கோலை வாங்குபவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால் வருபவன் தரையில் வைத்த அடையாளத்தைத் தொட்டதும் இவன் ஓடத் தொடங்க வேண்டும். அவன் குரல் கேட்டதும் கையைப் பின்னால் நீட்ட வேண்டும். கோல் கையில் விழும் என்று நம்பி வேகத்தைக் குறைக்காமல் ஓட வேண்டும். முப்பது மீட்டர் எல்லைக்குள் இவை அனைத்தும் நடந்து முடிய வேண்டும். வேற்றுத் தெருப் பையன்களை அடுத்தடுத்து நிறுத்துவதை நான் வேண்டுமென்றே செய்கிறேன். தொடக்கத்தில் கோல் கீழே விழும், பழி ஒருவர் மேல் ஒருவர் விழும், சில வேளைகளில் அந்தப் பழியில் சாதியின் வாடையும் இருக்கும். அதற்கு நான் உபதேசம் செய்வதில்லை. கோலை எடுத்து, நடந்துகொண்டே மாற்றிப் பழகுங்கள் என்று அனுப்பிவிடுவேன். இருவரும் ஒருவன் பெயரை மற்றவன் சொல்லிக் கூப்பிட்டுத்தான் கோலை மாற்ற முடியும். இதனால் ஊரில் சாதி ஒழிந்துவிட்டது என்று சொல்லும் அளவுக்கு நான் அப்பாவி அல்லன்; மைதானத்தைத் தாண்டினால் அவரவர் தெருவுக்குத்தான் போகிறார்கள். ஆனாலும் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் வகுப்பறைக்குள்ளும் போயிருப்பதாக ஆசிரியர்கள் சொல்கிறார்கள்.

பயிற்சி முடிந்ததும் சிறிது நேரம் வட்டமாக உட்கார்ந்து பேசுவோம். கடைசியில் வருபவனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, அழுபவனைப் ‘பொட்டை’ என்று சொல்லக் கூடாது என்ற இரண்டு விதிகளை அங்கேதான் கண்டிப்பாகக் காக்கிறேன். ஒரு நாள் புதுக்கோட்டை மாவட்டத்து வீரர் கோ. இலட்சுமணனைப் பற்றிச் சொன்னேன். 2017இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் ஐயாயிரம், பத்தாயிரம் மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர், மறு ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பத்தாயிரம் மீட்டரை மூன்றாவதாக முடித்தும், இடையில் ஓடுபாதையின் உள்கோட்டுக்கு அப்பால் கால் வைத்துவிட்டார் என்பதற்காக வெண்கலத்தை இழந்தார். ‘அப்படின்னா சார், அவரு ஓடுனது ஓடுனது இல்லையா?’ என்று கேட்டான் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன். பெரிய பையன்கள் அதை வைத்து வெகுநேரம் வாதிட்டார்கள். தோற்ற ஒருவரைப் பற்றி இவ்வளவு மரியாதையோடு அவர்கள் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பசியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது; ஆறாம் வகுப்புக்கு வந்ததும் அது நின்றுவிடுகிறது. மதிய உணவுக்குப் பின் ஒன்றும் சாப்பிடாத பையனை மாலையில் ஓடவிடுவது கொடுமை. இப்போது ஊரிலுள்ள சிலர் முறைவைத்துச் சுண்டல் அவித்துத் தருகிறார்கள். சுண்டலுக்காகவே வருகிறார்கள் என்று கேலி செய்பவர்களும் உண்டு. வரட்டுமே, அதனால் என்ன?

பள்ளிக் கல்வித் துறைக்கு என் வேண்டுகோள்கள் பெரியவை அல்ல. மாலை ஆறு மணி வரை மைதானத்தைத் திறந்து வைக்கட்டும். ‘இல்லம் தேடிக் கல்வி’க்குத் தன்னார்வலர்களைத் திரட்டியது போல, மாலை விளையாட்டுக்கும் உள்ளூர் ஆட்களை முறையாகச் சரிபார்த்து அனுமதிக்கட்டும். ஒரு கைப்பிடிச் சுண்டலுக்கு வழி செய்யட்டும். இத்தனை பையன்கள், இத்தனை பதக்கங்கள் என்று படிவம் அனுப்பிக் கேட்காமல் இருக்கட்டும். கேட்டால் அடுத்த மாதமே மெதுவாக ஓடுபவர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்படுவார்கள்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். தென் மாவட்டங்களில் எத்தனை அரசுப் பள்ளிகளில் மைதானம் மாலையில் திறந்திருக்கிறது, பூட்டியிருந்தால் சாவி யாரிடம் இருக்கிறது என்று தங்கள் செய்தியாளர்களை அனுப்பி விசாரித்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருநெல்வேலி மாவட்டம்.