அந்த எண்களை முழுதாகக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய தரவு வெளியீட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். இது என் மூன்றாவது மடல். முதல் இரண்டுக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒற்றை வரிதான் பதில். அதனால் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். உங்கள் தொலைநோக்கி எடுத்த விண்மீன் மண்டலங்களின் அளவீடுகளை, அவற்றின் பிழைகள் ஒன்றோடொன்று எப்படிப் பின்னியிருக்கின்றன என்று காட்டும் முழு அட்டவணையோடு வெளியிடுங்கள். நீங்கள் தந்திருப்பது, அண்டம் எப்படி விரிகிறது என்று சொல்லும் வழக்கமான அண்டவியல் மாதிரி சரியென்று வைத்துக்கொண்டு பிழிந்தெடுத்த சில எண்களும் ஒரு வரைபடமும். அந்த மாதிரியே சரிதானா என்று பார்க்க வந்தவர் அதை வைத்து என்ன செய்வார்?

நான் பார்ப்பது நியூட்ரினோ நிறை. நியூட்ரினோ என்பது எதனோடும் எளிதில் மோதாத நுண்துகள்; அதன் நிறை விண்மீன் மண்டலங்கள் பரவியிருக்கும் விதத்தில் தடம் விடும். மூன்று வகைகளின் நிறையையும் கூட்டினால் குறைந்தது 0.06 எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் நிறையைச் சொல்லும் மிகச் சிறிய அலகு) வர வேண்டும் என்பது ஆய்வுக்கூடக் கணக்கு. அண்டத்தின் ஆதி ஒளியை அளந்த பிளாங்க் விண்கலம், விண்மீன் மண்டலங்களை அளக்கும் டெசி கருவி இரண்டின் தரவுகளையும் சேர்த்துப் போட்ட கணக்கோ 2024-இல் உச்சவரம்பை 0.072-க்கு இறக்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். அப்போது கோளாறு நியூட்ரினோவிலா, அண்டத்தின் விரிவை வேகப்படுத்தும் இருண்ட ஆற்றலிலா, அளவீட்டிலா என்று பிரித்துப் பார்க்க உங்கள் எண்கள் வேண்டும்.

அவை இல்லாததால், மூன்று வாரம் உங்கள் வரைபடத்தைத் திரையில் பெரிதாக்கி, புள்ளி புள்ளியாகச் சுட்டியை வைத்துப் படித்தேன். பிழைக்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடத்தில் எந்த முனை எந்தப் புள்ளிக்கு என்றே தெரியவில்லை. இரண்டு முறை படித்தால் இரண்டு விடை. அதை வைத்து முடிவு சொல்ல மனம் ஒப்பவில்லை. கட்டுரை கிடப்பில் கிடக்கிறது.

1977-இல் ஸ்டைக்மன், ஷ்ராம், கன் மூவரும் அண்டத்தின் ஹீலியம் அளவைக் கொண்டே நியூட்ரினோ வகைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டினார்கள். செர்ன் துகள் ஆய்வகத்தின் முடுக்கி மூன்று என்று எண்ணிச் சொன்னது 1989-இல்தான். வானத்து எண்களுக்கு அவ்வளவு வலு உண்டு. பொதுப் பணத்தில் கட்டிய தொலைநோக்கியின் எண்கள் ஏன் பூட்டிக் கிடக்க வேண்டும்? ‘புதிய இயற்பியலின் அறிகுறி’ என்று செய்தி அறிக்கை உடனே வருகிறது. அதைச் சரிபார்க்கத் தேவையானது மட்டும் வருவதில்லை. பிளாங்க் குழு தன் கணக்கு நிரலையே பொதுவில் வைத்ததே!

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் நீங்கள், முதலில் எழுதும் உரிமையும் உங்களுடையதுதான். ஆனால் உங்கள் கட்டுரைதான் வெளிவந்துவிட்டதே. தயவுசெய்து முழு அட்டவணையை வெளியிடுங்கள். உடனே முடியாதென்றால் சரி, எந்தத் தேதியில் என்றாவது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அண்டவியல் ஆய்வாளர்