நம் தெரு ஓட்டுப் போடவில்லை என்பது கட்சிகளுக்குத் தெரியும்

மயிலாப்பூர், மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம் வட்டார அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச்சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். மழைநீர் வடிகால், குப்பை, தெருநாய், உடைந்த நடைபாதை என்று நீங்கள் மண்டல அலுவலகத்துக்கு அனுப்பும் மனுக்களில் நானும் கையெழுத்திட்டு வருகிறேன். அவற்றில் பெரும்பாலானவை கிணற்றில் போட்ட கல்லாகவே கிடக்கின்றன. அதிகாரிகளின் அலட்சியத்தைப் பற்றி நாம் பேசாத கூட்டம் இல்லை. நம்மைப் பற்றியும் ஒருமுறை பேசலாம் என்றுதான் இந்த மடல்.

2016 அக்டோபருக்குப் பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சென்னையில் கவுன்சிலர்களே இல்லை. தனி அலுவலரின் கீழ் மாநகராட்சி நடந்தது. 'கேட்க நாதியில்லை' என்று அப்போது அதிகம் குறைப்பட்டவர்கள் நாம்தான். கடைசியில் 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் வந்தது. சென்னையில் பதிவானது சுமார் 44 சதவீதம். மாநிலம் முழுவதுமான நகர்ப்புறச் சராசரி 60ஐத் தாண்டியிருந்தது.

வார இறுதி விடுமுறைதான் காரணம் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறோம். 2022இல் சனிக்கிழமை, 2024 மக்களவைத் தேர்தலில் வெள்ளிக்கிழமை, சரி, வைத்துக்கொள்வோம். 2021 சட்டமன்றத் தேர்தல் செவ்வாய்க்கிழமை நடந்தது. அன்றும் சென்னை மாவட்டம் 59 சதவீதத்தோடு நின்றுவிட்டது. மாநிலம் 72ஐக் கடந்தது.

இதில் நியாயமான ஒரு மறுப்பு உண்டு. வாக்காளர் பட்டியலே வீங்கிக் கிடந்தது. இறந்தவர்களும் வீடு மாறியவர்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் எப்படி வந்து ஓட்டுப் போடுவார்கள்? உண்மைதான். தேர்தல் ஆணையம் வீடு வீடாகச் சரிபார்த்த சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின் 2025 டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் சென்னை மாவட்டத்தின் 40 லட்சம் பெயர்களில் 14 லட்சத்துக்கு மேல் காணவில்லை. ஆனால் வீக்கம் வடசென்னைக்கும் சேர்த்துத்தானே? 2024இல் அங்கே 60 சதவீதம் பதிவானது. நம் தென்சென்னையிலும் பக்கத்து மத்திய சென்னையிலும் 54தான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: முகவரியில் இல்லை என்று பெயர் நீக்கப்பட்டவர்களில், கீழே வாசலிலேயே வாக்குச்சாவடி நிலை அலுவலரைக் காவலாளி திருப்பி அனுப்பிய குடியிருப்புகளில் இருந்தவர்களும் இருப்பார்கள். உணவு கொண்டுவரும் பையனுக்குத் திறக்கும் கதவு அந்த அலுவலருக்குத் திறப்பதில்லை.

யார் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பதுதான் ரகசியம். ஒரு தெரு என்ன செய்தது என்பது ரகசியமே இல்லை. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் எந்தச் சாவடியில் எந்த வேட்பாளருக்கு எத்தனை வாக்கு என்பது படிவம் 20 என்ற முடிவு அறிக்கையில் வெளியாகிறது. ஒரு சாவடிக்கு ஆயிரத்துச் சொச்சம் வாக்காளர்கள். அதாவது நம் இரண்டு மூன்று தெருக்கள். பல சாவடிகளின் வாக்குகளைக் கலந்து எண்ணும் கருவி வேண்டும் என்று தேர்தல் ஆணையம் கேட்டுப் பார்த்தது; நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே கட்சியின் வட்டச் செயலாளருக்கு நம்மைப் பற்றி நம்மைவிட நன்றாகத் தெரியும். எதிர்த்துப் போடும் தெருவைக்கூட அவர் சமாதானப்படுத்த வருவார், அங்கே பெறுவதற்கு ஏதோ இருக்கிறது. வராத தெருவில் அவருக்கு என்ன வேலை?

'இது எப்போதும் ஒரே கட்சியின் கோட்டை, என் ஓட்டால் என்ன ஆகப்போகிறது' என்பது அடுத்த வாதம். மயிலாப்பூர் 2006, 2011, 2016 மூன்று முறையும் அதிமுகவைத் தேர்ந்தெடுத்த தொகுதி. 2021இல் திமுகவுக்குப் போனது. சென்னையின் 16 தொகுதிகளில் 2011இல் திமுகவுக்கு இரண்டே கிடைத்தன. பத்தாண்டு கழித்து அதன் கூட்டணிக்குப் பதினாறும். 2021இல் தியாகராயநகரின் முடிவைத் தீர்மானித்தது 137 வாக்கு. அங்கே அன்று வீட்டில் இருந்துவிட்டவர்கள் பல்லாயிரம். எந்தக் கட்சிக்குச் சாய்ந்தவர்களாயினும் அவர்கள் சாய்வு எங்கும் பதிவாகவில்லை. மாநகராட்சியில் கணக்கு இன்னும் சிறியது. இருநூறு வார்டுகள், வார்டுக்குச் சராசரியாக முப்பதாயிரம் வாக்காளர். அதில் பாதிக்கும் குறைவானவர்களே வருகிறார்கள் என்றால், முந்நூறு ஓட்டு உள்ள ஒரு வளாகத்தை எந்த வேட்பாளரும் ஒதுக்கிவிட முடியாது.

'குப்பத்தில் காசு வாங்கிக்கொண்டு போடுகிறார்கள்' என்று நம் கூட்டங்களில் சொல்லப்படுவதுதான் எனக்கு மிகவும் கசக்கிறது. காசு கொடுக்கப்படுவதில்லை என்று நான் சொல்லவில்லை. அந்தப் புகாரில்தான் 2017இல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலே ரத்தானது. ஆனால் நொச்சிக்குப்பத்துக்காரருக்கும் சீனிவாசபுரத்துக்காரருக்கும் அரசு என்பது ரேஷன் கடை, வாரியக் குடியிருப்பு, மீன்பிடித் தடைக்கால நிவாரணம். 2023இல் அவர்கள் பகுதியின் கடலோர லூப் சாலை மீன்கடைகளை அதிகாரிகள் அகற்ற வந்தபோது அவர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். அரசை எப்படிக் கேட்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் தண்ணீர் லாரியும் ஜெனரேட்டரும் நம்மை அந்தக் கேள்வியிலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன.

ஆனால் சொத்து வரியிலிருந்து ஜெனரேட்டர் காப்பாற்றாது. 2022 மார்ச்சில் மாமன்றம் பொறுப்பேற்றது. ஏப்ரல் பிறந்ததுமே வரி உயர்வு அறிவிப்பு வந்தது: நகரின் பழைய பகுதிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 50 சதவீதம், 1,800க்கு மேற்பட்டவற்றுக்கு 150 சதவீதம். நம் சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்கள் கொதித்தன. அரசின் முடிவுதான் அது. ஆனால் மாமன்றத்தில் தீர்மானம் வந்தபோது நமக்காகப் பேசும்படி கவுன்சிலரைக் கேட்கும் தகுதி நம்மில் எத்தனை பேருக்கு இருந்தது?

'சங்கத்தில் அரசியல் கூடாது' என்ற விதியை நீக்கச் சொல்லவில்லை. அதைக் கட்சிப் பிரசாரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. அதற்கு முன் வரும் பொதுக்குழுவில் மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறேன். ஒன்று, வாக்காளர் பட்டியல் அலுவலர் வந்தால் காவலாளி உள்ளே விட வேண்டும். சங்கத்தில் ஒருவர் அவருடன் மாடி மாடியாகப் போக வேண்டும். இரண்டு, வாடகைக்கு இருப்போரையும் சேர்த்துப் பெயர் சரிபார்க்க வேண்டும். அவர்களைக் கூட்டத்துக்கே அழைக்காத வழக்கம் அசிங்கம். மூன்று, வார்டில் நிற்கும் எல்லா வேட்பாளரையும், சுயேச்சைகள் உட்பட, நம் வளாகத்துக்கு அழைத்து ஒரே மேடையில் வடிகாலைப் பற்றிக் கேட்க வேண்டும். இவற்றை நிகழ்ச்சி நிரலில் சேர்க்க முடியாதென்றால் காரணத்தை எழுத்தில் தரவும்.

இப்படிக்கு,
மந்தைவெளியில் குடியிருக்கும் உங்கள் உறுப்பினர் ஒருவர்