டப்ளினில் இருக்கும் தம்பிக்கும் சேர்த்து

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் போன வாரம் வந்தது. அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்கு ரொம்ப நிம்மதி. பழையபடி பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டாரா?

தம்பி விஷயத்தை இரண்டே வரியில் எழுதியிருந்தாய். ஆனால் உன் கவலையெல்லாம் அந்த இரண்டு வரியில்தான் இருந்தது. டப்ளினில் படிக்கிறவன், அங்கே நர்ஸாக வேலை பார்க்கும் போலந்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டால் அங்கேயே இருக்க விடுவார்களா, படிப்பு முடிந்ததும் கிளம்பச் சொல்வார்களா என்று கேட்டிருக்கிறாய். விடுவார்கள். ஏன் என்று என் கதையை வைத்தே சொல்கிறேன்.

நான் ஜெர்மனிக்கு வந்தது மாணவர் விசாவில். அப்போது வருடத்துக்கு 120 நாள்தான் வேலை பார்க்கலாம் (இப்போது 140). விசா முடிகிற தேதி எந்நேரமும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். இத்தாலியிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவளை நான் கட்டிக்கொள்ள நினைத்தபோது, கல்யாணமாகாதவன் என்று ஊரிலிருந்து சான்றிதழ் வாங்கி, அதைச் சரிபார்த்து, மேல்கோர்ட்டில் விலக்கும் வாங்கி வா என்றார்கள். மாதக்கணக்கில் ஆகும் வேலை. அதனால் பலரையும் போல நாங்களும் டென்மார்க்கில் இருக்கும் ஏரோ தீவுக்குப் போனோம்.

ஸ்வென்போர்க்கிலிருந்து கப்பலில் ஒன்றேகால் மணி நேரம். அம்மா பஞ்சாங்கம் பார்த்து வளர்பிறை வியாழக்கிழமை ஒன்றைச் சொல்லியிருந்தாள். பதிவு நடந்தது பத்தே நிமிடம். சாட்சிக்குக்கூட ஊர்க்காரர்களே வந்து நின்றார்கள். அம்மா கூரியரில் அனுப்பிய மஞ்சள் கயிற்றைத் துறைமுகத்து பெஞ்சில் உட்கார்ந்து கட்டினேன். காற்றில் கை நடுங்கியது. மூன்றாவது முடிச்சைப் போட நாத்தனார் இல்லை, அதையும் நானே போட்டேன். வீடியோவில் அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

சான்றிதழ் ஐந்து மொழியில் இருந்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றில் வாங்கிய கல்யாணச் சான்றிதழுக்கு இன்னொரு ஒன்றிய நாட்டில் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாகப் போடும் அத்தாட்சி முத்திரை) கேட்கக் கூடாது என்பது 2019-லிருந்து விதி. ஆனாலும் எங்கள் ஊர் அலுவலகத்தில் ஒரு பிரச்சினை வந்தது. கவுன்டரில் இருந்தவர் என்னிடம் ஜெர்மன் மொழியில் ஏ1 என்ற ஆரம்ப நிலைச் சான்றிதழ் கேட்டார். நான் படித்ததெல்லாம் ஆங்கிலத்தில். தொண்டை வறண்டுவிட்டது. அவள்தான் பேசினாள். "நான் ஜெர்மன் குடிமகள் இல்லை, இத்தாலியக் குடிமகள். இங்கே வேலை செய்கிறேன். இவர் என் கணவர்" என்று சொல்லி பாஸ்போர்ட், கல்யாணச் சான்றிதழ், முகவரிப் பதிவு, கம்பெனிக் கடிதம் நான்கையும் வரிசையாக வைத்தாள். அவர் உள்ளே போய்விட்டு வேறு படிவத்தோடு வந்தார். மனு கொடுத்ததற்கான சீட்டு அன்றே கையில் கிடைத்தது. வசிப்பு கார்டு நான்காம் மாதம் வந்தது. சட்டப்படி ஆறு மாதத்துக்குள் தந்தாக வேண்டும்.

மாப்ள, எனக்கு அன்றுதான் ஒன்று புரிந்தது. ஐரோப்பியக் குடிமக்கள் சொந்த நாட்டை விட்டு இன்னொரு ஒன்றிய நாட்டுக்குப் போய் வேலை பார்த்தால், அவர்களுடைய கணவனோ மனைவியோ எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் கூடவே வாழலாம், வேலை பார்க்கலாம். 2004/38 என்ற ஒன்றியச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. உரிமை கல்யாணத்தோடேயே வந்துவிடுகிறது, கார்டு அதற்கு அத்தாட்சிதான். இத்தனை வருடம் கெஞ்சுகிறவனாகவே போய் நின்ற கவுன்டரில் முதல் தடவை நிமிர்ந்து நின்றேன்.

நம் ஜூனியர் ஒருத்தி ஜெர்மானியரையே கட்டிக்கொண்டாளே, அவள் கோயம்புத்தூரில் உட்கார்ந்து ஏ1 பாஸ் பண்ணிய பிறகுதான் விசா கிடைத்தது. சொந்த நாட்டை விட்டு நகராத குடிமக்களுக்கு உள்நாட்டுச் சட்டம்தான். இது நியாயமே இல்லை என்பேன்.

உன் தம்பி விஷயத்தில் பெண் போலந்துக்காரி, இருப்பது அயர்லாந்தில். அதனால் அவனுக்கும் இந்தச் சட்டம்தான். மாப்பிள்ளை ஏற்கெனவே வேறொரு ஒன்றிய நாட்டில் முறைப்படி வசித்திருக்க வேண்டும் என்று அயர்லாந்து ஒரு காலத்தில் கேட்டது. 2008-ல் மெட்டாக் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. கல்யாணம் எங்கே, எப்போது நடந்தது என்பதும் பொருட்டில்லை என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அங்கேயே பதிவு செய்வதானால் மூன்று மாதம் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அப்புறம் வசிப்பு கார்டுக்கு இ.யூ.1 என்ற படிவம். விசாவுக்காகக் கட்டிக்கொள்கிறார்களா என்று துருவுவார்கள். மனசு வலிக்கும். நேர்மையாகப் பதில் சொன்னால் போதும்.

அம்மா ஒரு நாள் ராத்திரி கேட்டாள்: "ஏம்பா, நாளைக்கு அவ விட்டுட்டுப் போயிட்டா உன்னையும் அனுப்பிடுவாங்களா?" கேட்கக் கூடாத கேள்வி என்று யாரும் நினைக்க வேண்டாம். கல்யாணம் குறைந்தது மூன்று வருடம் நீடித்து, அதில் ஒரு வருடமாவது அந்த நாட்டில் வாழ்ந்திருந்தால், விவாகரத்துக்குப் பிறகும் இருக்கலாம்; சொந்தச் சம்பாத்தியம் வேண்டும். ஆனால் விவாகரத்து வழக்குப் போடும் முன்பே அவள் நாட்டை விட்டுப் போய்விட்டால் அந்த உரிமை போச்சு. 2015-ல் அயர்லாந்திலிருந்து போன சிங் வழக்கில் அப்படித்தான் தீர்ப்பு. ஐந்து வருடம் சேர்ந்து வாழ்ந்தால் நிரந்தர வசிப்புரிமை, அதன் பிறகு இந்தப் பயம் இல்லை. அதுவரை என் கால் அவள் வேலையின் மேல்தான் நிற்கிறது. இதை அவளிடமே சொல்லியிருக்கிறேன். சொன்ன பிறகு பாரம் குறைந்தது.

தம்பியை இந்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிடச் சொல். மாணவர் அனுமதி முடிவதற்குள் மனு போட்டுவிட வேண்டும், அதில் அசட்டை கூடாது. அந்தப் பெண்ணின் சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் இப்போதே ஒரு ஃபைலில் சேர்க்கட்டும். உன் அம்மாவுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறதா? அதை நீ எழுதவே இல்லையே.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்